இளஞ்சிவப்புச் சீட்டில் ஜெயித்த எங்கள் அக்கா எம்.எல்.ஏ.வுக்கு நிற்கலாமா?

வாய்க்கால்தெரு (இழை தொடங்கியவர்):

எல்லாருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் இங்கேயே நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலில் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவர் ஓட்டுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. அதில் அக்கா நின்று 1,212 ஓட்டு வாங்கித் தலைவர் ஆனாள். அடுத்து வந்தவருக்கும் அவளுக்கும் முந்நூற்றுச் சொச்சம் வித்தியாசம்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்துவிட்டது. மறுபடி தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்தான் இப்போது பொறுப்பு. ஆனாலும் தண்ணீர் வரவில்லை என்றால் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். அக்காவும் மோட்டார் ஆபரேட்டருக்கு போன் போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்போது சட்டமன்றத் தேர்தல் பேச்சு தொடங்கிவிட்டது. ஒரு கட்சியின் ஒன்றியத்தில் இருந்து ஆள் வந்து, விருப்ப மனு போடச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர் இளைஞர்கள் கட்சி வேண்டாம், சுயேச்சையாக நில்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். மாமா வேண்டவே வேண்டாம் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா? எவ்வளவு செலவாகும்? உண்மையில் வாய்ப்பு இருக்கிறதா?

டீக்கடை பெஞ்ச்:

தம்பி, அக்கா நிற்கலாமா என்று அக்காவைத் தவிர எல்லாரிடமும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல தொடக்கம்.

தலைவருக்கு மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய். அதுவும் 2023இல்தான் ஆயிரத்தில் இருந்து ஏறியது. எம்.எல்.ஏ.வுக்கு 1,05,000. இந்த ஒரு கணக்கைப் பார்த்தாலே ஏன் எல்லாருக்கும் அந்தப் பக்கம் ஆசை என்று புரியும்.

மதுரை வக்கீல்:

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 25 நிறைந்திருக்க வேண்டும். மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், போட்டியிடும் தொகுதியிலேயே இருக்க வேண்டும் என்றில்லை. டெபாசிட் 10,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். பத்தில் ஒருவர் பக்கத்துத் தொகுதிக்காரர் என்றால் அங்கேயே மனு விழும். வருடாவருடம் பார்க்கிறேன், இதில்தான் சுயேச்சைகள் மாட்டுகிறார்கள்.

உங்கள் அக்கா இப்போது பதவியில் இல்லை. இருந்திருந்தாலும் ராஜினாமா செய்துவிட்டுத்தான் மனு போட வேண்டும் என்று இல்லை. 1960களின் கடைசியில் பஞ்சாபில் இருந்து வந்த ஒரு வழக்கில், ஊராட்சி சமிதி (நம் ஊராட்சி ஒன்றியம் மாதிரி) தலைவர் வாங்கும் படித்தொகை ஆதாயம் ஆகாது, அதனால் அது போட்டியிடத் தடையான ஆதாயப் பதவி இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஊராட்சிச் செயலர், கிராம நிர்வாக அலுவலர், அரசுப் பள்ளி ஆசிரியர் இவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ராஜினாமா கடிதம் கொடுத்தால் போதாது, அதை ஏற்றுக்கொண்ட உத்தரவும் கையில் இருக்க வேண்டும்.

செலவு வரம்பு 40 லட்சம். அது வரம்புதான், அவ்வளவு செலவழிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனு தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்பே திறக்க வேண்டும். முடிவு வந்த 30 நாளில் கணக்குக் கொடுக்க வேண்டும். தோற்றவர்கள் பலர் இதை மறந்துவிட்டு மூன்று வருடம் போட்டியிட முடியாமல் போகிறார்கள். மனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26இல் சொத்து, கடன், வழக்கு எல்லாம் எழுத வேண்டும். ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், இல்லை என்றால் "இல்லை" என்றே எழுதுங்கள்.

முன்னாள் சுயேச்சை:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 2006இலும் 2011இலும் ஊராட்சித் தலைவராக ஜெயித்தவன். 2021இல் எம்.எல்.ஏ.வுக்குச் சுயேச்சையாக நின்றேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன், உங்கள் அக்காவிடம் படித்துக் காட்டுங்கள்.

2011இல் என் ஊரில் எனக்கு 1,406 ஓட்டு. சட்டமன்றத் தேர்தலில் அதே ஊரின் மூன்று சாவடியிலும் சேர்த்து எனக்கு விழுந்தது 388. மொத்தத் தொகுதியிலும் 1,640. டெபாசிட் போய்விட்டது. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பி வரும். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஏன் என்று பல நாள் யோசித்தேன். நான் ரோடு போட்டுக் கொடுத்த தெருவில் இருக்கும் ஒரு அத்தையிடம் நேராகவே கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "தம்பி, நீ தலைவருக்கு நில்லு, உனக்குத்தான் போடுவேன். இது பெரிய ஓட்டுல்ல, இதுல போயி உன்னப் பாக்க முடியுமா?"

இதில் ஒரு துரோகமும் இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் ஊர்க்காரன் கையில் நாலு சீட்டுக் கொடுக்கிறார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. பச்சையிலும் மஞ்சளிலும் உண்டு. ஒரே ஆள், ஒரே மறைப்புக்குள் நின்று, இளஞ்சிவப்பில் எனக்குக் குத்திவிட்டு பச்சையில் தன் கட்சிக்குக் குத்துவான். அவனுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. எம்.எல்.ஏ. தேர்தல் வந்தால் அவன் கண்ணுக்கு அது மஞ்சளுக்கும் மேலே ஒரு சீட்டு. குழப்பம் எனக்குத்தான் இருந்தது. இளஞ்சிவப்புச் சீட்டை எடுத்துக்கொண்டு பெரிய கடைக்குப் போய்ச் சில்லறை கேட்டேன்.

அடுத்தது சின்னம். ஊராட்சியில் இரண்டு தடவையும் எனக்குப் பூட்டு சாவி. ஊரில் சுவர் முழுக்க வருடக் கணக்காகப் பூட்டு சாவி. சட்டமன்றத்துக்கு எனக்குக் கிடைத்தது தையல் இயந்திரம். மெஷினில் பூட்டு சாவியைத் தேடிவிட்டு, காணோம் என்று வேறு எதையோ அழுத்திவிட்டு வந்ததாக ஒரு தாத்தா என்னிடமே சொன்னார்.

அந்தச் சின்னமும் கையில் வரும் நாளைப் பாருங்கள். 2021இல் மனு தாக்கல் கடைசி நாள் மார்ச் 19. மனு வாபஸ் மார்ச் 22. அன்று சாயங்காலம்தான் சுயேச்சைக்குச் சின்னம். பிரசாரம் ஏப்ரல் 4 மாலை 7 மணியோடு முடிந்தது. ஆக, மொத்தம் 13 நாள். அதில் நோட்டீஸ் அடிக்க மூன்று நாள் போய்விட்டது. தொகுதியில் எழுபது ஊராட்சிக்கு மேல், கூடவே இரண்டு பேரூராட்சி. ஒரு நாளைக்கு ஏழு ஊர் போனாலும் ஒவ்வொரு ஊரிலும் அரை மணி நேரம் நிற்க முடியாது. அந்த 13 நாளும் என் வேலை ஆட்டோவில் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டே போனதுதான்.

சாவடி முகவர் விஷயம் இன்னும் மோசம். கொரோனா காலம் என்பதால் அந்த வருடம் சாவடிகளைப் பிரித்துக் கூட்டியிருந்தார்கள், மாநிலம் முழுக்க 88 ஆயிரத்துக்கு மேல். எங்கள் தொகுதியில் மட்டும் முந்நூற்று எழுபது. எனக்கு உட்கார ஆள் கிடைத்தது இருபத்திரண்டு சாவடிக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் மாற்றவும் வழி இல்லை.

செலவு? ஆறு லட்சம் சொச்சம். பாதி என் பணம், பாதி மச்சான் பணம். மச்சானோடு பேச்சுவார்த்தை இப்போதுதான் சரியாகியிருக்கிறது.

பழைய பேப்பர்:

அண்ணே, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உள்ளாட்சியில் இருந்து போனவர்கள் ஜெயிப்பதே இல்லை என்று தம்பி நினைத்துவிடக் கூடாது. போனவர்கள் நிறைய. யார், எப்படிப் போனார்கள் என்பதுதான் விஷயம்.

ஓ. பன்னீர்செல்வம் 1996இல் இருந்து 2001 வரை பெரியகுளம் நகராட்சித் தலைவர். 2001இல் அதே பெரியகுளத்தில் முதல் முறை எம்.எல்.ஏ. அதே வருடம் செப்டம்பர் 21ஆம் தேதி முதலமைச்சர். நகராட்சித் தலைவர் நாற்காலியில் இருந்து கோட்டை நாற்காலிக்கு இவ்வளவு வேகமாகப் போனவர் வேறு யாராவது உண்டா தெரியவில்லை. கே.என். நேரு 1986இல் புள்ளம்பாடி ஒன்றியத் தலைவர், 1989இல் லால்குடி எம்.எல்.ஏ. எஸ்.பி. வேலுமணி குனியமுத்தூர் நகராட்சித் தலைவராக இருந்துவிட்டு 2006இல் பேரூரில் ஜெயித்தார். ராஜன் செல்லப்பா மதுரை மேயராக இருந்து 2016இல் மதுரை வடக்கில் எம்.எல்.ஏ. ஆனார்.

எனக்குப் பிடித்த கதை சைதாப்பேட்டை. சைதை துரைசாமி 1984இலேயே அங்கே எம்.எல்.ஏ. 2011 ஏப்ரலில் கொளத்தூரில் மு.க. ஸ்டாலினை எதிர்த்து நின்று மூவாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். அதே வருடம் அக்டோபரில் சென்னை மேயர் தேர்தல். அப்போது மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். துரைசாமி நின்று, ஐந்து வருடம் மேயராக இருந்த மா. சுப்பிரமணியனைத் தோற்கடித்தார். மா.சு. 2016இல் சைதாப்பேட்டை எம்.எல்.ஏ. ஆனார். 2021இல் இரண்டு முன்னாள் மேயர்களும் அதே சைதாப்பேட்டையில் நேருக்கு நேர். இந்தத் தடவை மா.சு. ஜெயித்து, சுகாதாரத் துறை அமைச்சரும் ஆனார். கோட்டைக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே இரண்டு பேரும் மாறி மாறி நடந்துகொண்டிருந்தார்கள்.

முன்பெல்லாம் இரண்டு நாற்காலியிலும் ஒரே நேரத்தில் உட்காரலாம். ஸ்டாலின் 1996இல் மேயர், கூடவே ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ. 2002இல் ஒருவருக்கு இரண்டு பதவி கூடாது என்று சட்டம் திருத்தினார்கள், அவர் மேயர் பதவி போயிற்று.

இப்போது இந்தப் பெயர்களை எல்லாம் மறுபடி படித்துப் பாருங்கள். இதில் ஒருவர்கூடக் கிராம ஊராட்சித் தலைவர் பதவியில் இருந்து நேராகத் தாவியவர் இல்லை. நகராட்சி, ஒன்றியம், மாநகராட்சி. எல்லாம் கட்சிச் சின்னத்தில் நடக்கும் இடம். முன்னாள் சுயேச்சை அண்ணன் சொன்ன பச்சைச் சீட்டு வழி. சுயேச்சையாகப் போனவர்கள் என்றால் 2006 பொதுத் தேர்தலில் தளியில் டி. ராமச்சந்திரன் ஜெயித்தார். அதற்கடுத்த 2011, 2016, 2021 மூன்றிலும் 234 தொகுதியில் ஒரு சுயேச்சைகூட இல்லை. நடுவில் 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் தினகரன் ஜெயித்ததை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

டீக்கடை பெஞ்ச்:

சுயேச்சை என்றதும் எனக்கு மொடக்குறிச்சிதான். 1996இல் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டு 1,033 வேட்பாளர். வாக்குச் சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது டெபாசிட் வெறும் 250 ரூபாய். அதற்கப்புறம்தான் ஏற்றினார்கள். 2021இல் கரூரில் 77 பேர். ஒரு மெஷினில் நோட்டாவோடு சேர்த்துப் பதினாறு பெயர்தான் வரும், அதனால் ஐந்து மெஷினை வரிசையாக வைத்தார்கள். அண்ணன் சொன்ன அந்தத் தாத்தா அங்கே போயிருந்தால் பூட்டு சாவி தேடியே பொழுது சாய்ந்திருக்கும்.

முன்னாள் கவுன்சிலர்:

நான் ஒரு கட்சியில் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சியிலும் நடைமுறை ஒன்றுதான்.

தம்பி, "விருப்ப மனு போடச் சொன்னார்கள்" என்றதும் சீட் கிடைத்துவிட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள். விருப்ப மனு என்பது ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வாங்கும் ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். ஒரு தொகுதிக்கு முப்பது நாற்பது பேர் கட்டுவார்கள். பலருக்குத் தங்களுக்குக் கிடைக்காது என்று நன்றாகவே தெரியும். நேர்காணலுக்குப் போய்த் தலைமையைப் பார்த்தேன் என்று ஊரில் ஒரு பேனர் வைக்கலாம், நாளைக்கு உள்ளாட்சியில் கேட்கும்போது "அப்பவே மனு கொடுத்தவன்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

நேர்காணலில் கேட்பது மூன்று கேள்வி. எத்தனை வருடமாகக் கட்சியில் இருக்கிறீர்கள்? தொகுதியில் உங்கள் சமூகத்து ஓட்டு எவ்வளவு? எவ்வளவு செலவு செய்வீர்கள்? ஊராட்சியில் எத்தனை தெருவிளக்குப் போட்டீர்கள் என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இதெல்லாம் தாண்டி, கூட்டணிக்குத் தொகுதி போய்விட்டால் எல்லார் மனுவும் குப்பை. இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதித் தரும் ஏ, பி படிவம் கையில் வரும் வரை யாரும் வேட்பாளர் இல்லை. மனுத் தாக்கலின் கடைசி நாள் மதியம் ஆள் மாறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அக்காவை ஏன் கூப்பிட்டார்கள் என்று யோசித்தீர்களா? அவருக்கு இருக்கும் 1,212 ஓட்டு வேறு யாருக்காவது வேலை செய்ய வேண்டும். மனுப் போட்டவர், போட்ட பிறகு எதிராகப் பேச முடியாது.

வாய்க்கால்தெரு:

கவுன்சிலர் அண்ணே, கடைசி வரி உறைத்தது. வந்தவர்கள் கிளம்பும்போது "எப்படியும் நம்ம வேட்பாளருக்கு நீங்க வேல பாக்கணும்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அதை மரியாதைப் பேச்சு என்று நினைத்தேன்.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். அக்கா சும்மா பெயருக்குத் தலைவராக இருந்தவள் இல்லை. மேல்நிலைத் தொட்டி ஒன்று புதிதாகக் கட்டினாள். மூன்று தெருவுக்குப் பேவர் பிளாக். கிராம சபையை வருடத்தில் ஆறு தடவையும் உண்மையாகவே கூட்டினாள், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக் கூட்டம் நடந்ததாக எழுதவில்லை. கோவை பக்கம் ஓடந்துறை ஊராட்சி சொந்தக் காற்றாலை வைத்ததைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் பக்கத்து ஊர்களில் அவள் பெயர் தெரியும். இதற்கெல்லாம் ஓட்டு இல்லையா?

ஊராட்சிச் செயலர்:

நான் வேறு மாவட்டம். செயலராகப் பதினெட்டு வருடம், நாலு தலைவர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். பேச்சில் கலந்துகொள்ளக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்.

வேலை செய்த தலைவருக்குத்தான் ஆபத்து அதிகம். செய்யாதவர் மேல் பில் இல்லை, பில் இல்லாதவர் மேல் குறை சொல்ல முடியாது. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். துணைத் தலைவர் எதிர் அணி என்றால் மாதக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டார், மோட்டார் ரிப்பேர் ஆனவருக்குப் பணம் நிற்கும். அந்த நேரத்தில் தலைவர்கள் என்ன செய்கிறார்கள்? கைக்காசைப் போட்டு வேலையை முடித்துவிட்டு அப்புறம் பில்லைச் சரிக்கட்டுகிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். தணிக்கையில் அது வேறு மாதிரி வாசிக்கப்படும்.

ஊராட்சித் தேர்தலில் இதை யாரும் தோண்ட மாட்டார்கள், எல்லாரும் பங்காளி. எம்.எல்.ஏ.வுக்கு நின்றால் ஒவ்வொரு பில்லையும் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டு வாங்கி மேடையில் வாசிப்பார்கள். அதனால் தம்பி, தப்பாக நினைக்காதீர்கள், ஒரு கேள்வி. தொட்டிக்கும் பைப்புக்கும் சாமான் எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

வாய்க்கால்தெரு:

இரண்டு நாள் பதில் போடவில்லை, மன்னிக்கவும்.

என் கடையில்தான். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். தொட்டி ஒப்பந்தக்காரர் எடுத்தது, அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. பைப், வால்வு, தெருவிளக்குச் சாமான் பாதிக்கு மேல் என் கடை பில். சுற்றுவட்டத்தில் வேறு கடை எட்டு கிலோமீட்டர் தள்ளி. விலை ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை, சில பில்லுக்கு இன்னும் பணமே வரவில்லை. அக்கா முதலிலேயே வேண்டாம் என்றாள். நான்தான் அவசரத்துக்கு என்று கொடுத்து அப்படியே பழகிவிட்டது.

மதுரை வக்கீல்:

தம்பி கடையில் வாங்கினார் என்பதற்காகச் சட்டமன்ற வேட்புமனு தள்ளுபடி ஆகாது. அரசாங்கத்தோடு வேட்பாளர் பெயரிலேயே நடப்பில் ஒப்பந்தம் இருந்தால்தான் சிக்கல். ஆகவே தேர்தல் அலுவலர் மேசையில் ஒன்றும் வராது. செயலர் ஐயா சொன்னது மேசையைப் பற்றி இல்லை, மேடையைப் பற்றி. அங்கே வக்கீல் ஒன்றும் செய்ய முடியாது. வராத பணத்துக்கான பில்களை முதலில் எடுத்து வையுங்கள், அதுதான் உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி.

வார்டு நாலு:

நான் ஒரு வார்டு உறுப்பினர், முன்னாள். பெண். இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உறுத்தும் ஒன்றை யாரும் தொடவில்லை.

உள்ளாட்சியில் எங்களுக்குப் பாதி இடம். பாதி என்றால் ஆயிரக்கணக்கான பெண்கள் தலைவர்களாக ஐந்து வருடம் பி.டி.ஓ. அலுவலகம், கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்து வேலை கற்றிருக்கிறார்கள். 2021 சட்டமன்றத்தில் ஜெயித்த பெண்கள் 234க்கு 12 பேர். மக்களவையிலும் சட்டமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 2023இல் சட்டம் வந்தது, தொகுதி வரையறை முடியட்டும் என்று அதையும் தள்ளி வைத்திருக்கிறார்கள். கீழே இவ்வளவு பேர் இருக்க, மேலே சீட் கொடுக்கும்போது மட்டும் "தகுதியான பெண் கிடைக்கவில்லை" என்கிறார்கள். யார் வீட்டில் தேடினார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

அதனால் பச்சைச் சீட்டு, இளஞ்சிவப்புச் சீட்டு எல்லாம் சரி. ஆனால் ஆண் தலைவர் என்றால் அடுத்த படி ஒன்றியம், அப்புறம் தொகுதி என்று ஒரு பாதை இருக்கிறது. பெண் தலைவர் என்றால் சுழற்சியில் அடுத்த முறை பொது என்று மாறினால், வீட்டுக்குப் போ, உன் வீட்டுக்காரர் நிற்பார். உங்கள் அக்கா ஊரிலும் அதுதான் நடக்கப்போகிறது. அப்படி உட்காருவதற்குப் பதில் ஒரு தடவை நின்று தோற்றால் என்ன? 10,000 ரூபாய்தானே?

இன்னொன்று. தம்பி, மூன்று பதிவு போட்டுவிட்டீர்கள். இளைஞர்கள் என்ன சொன்னார்கள், மாமா என்ன சொன்னார் எல்லாம் இருக்கிறது. உங்கள் அக்கா என்ன சொல்கிறார்?

முன்னாள் கவுன்சிலர்:

அம்மா, கோபம் நியாயம். ஆனால் "10,000 ரூபாய்தானே" என்று இன்னொருவர் வீட்டுப் பணத்தை வைத்துச் சொல்லாதீர்கள். அண்ணனுக்கு ஆறு லட்சம் போயிருக்கிறது.

வார்டு நாலு:

ஆறு லட்சம் அவர் செலவழித்தார். நோட்டீஸ் அடிக்காமல், ஆட்டோ வைக்காமல் பக்கத்துப் பத்து ஊராட்சியில் மட்டும் நடந்தே கேட்டால் ஆறு லட்சம் ஆகுமா? ஜெயிக்க நிற்பது ஒன்று, நான் இருக்கிறேன் என்று காட்ட நிற்பது ஒன்று. இரண்டாவதற்கு இவ்வளவு செலவு இல்லை.

டீக்கடை பெஞ்ச்:

முதல் பதிவில் நான் கேட்டதைத்தான் இவரும் கேட்கிறார். எனக்கு மட்டும் யாரும் லைக் போடவில்லை.

வாய்க்கால்தெரு:

வணக்கம். இது அவன் அக்கா. தம்பி போனில் இருந்து எழுதுகிறேன். அவன் படித்துக் காட்டவில்லை, நானே முழுக்கப் படித்தேன். அவன் கடையில் இல்லாத நேரம் பார்த்து எடுத்தேன்.

எல்லாரும் அக்கறையாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். பைப் பில் விஷயத்தைத் தம்பி மறைக்காமல் எழுதிவிட்டான், அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. கட்சிக்காரர்களிடம் விருப்ப மனு போடவில்லை என்று நேற்றே சொல்லிவிட்டேன். கவுன்சிலர் அண்ணன் எழுதியதைப் படிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். வந்தவர்கள் என்னிடம் பேசவில்லை, திண்ணையில் மாமாவிடமும் தம்பியிடமும்தான் பேசினார்கள். நான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

சுயேச்சையாக நிற்கும் ஆசை இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஐந்து வருடத்தில் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு எத்தனையோ தடவை மனுவோடு போயிருக்கிறேன். அந்த நாற்காலியில் இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று எனக்குத் தெரியும், அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை. டெபாசிட் போகும் என்பதும் தெரிகிறது. வார்டு நாலு அம்மா சொன்ன மாதிரி நடந்தே கேட்டால் அந்தச் செலவை நான் தாங்கிக்கொள்வேன்.

எனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி. அதை நீங்கள் யாரும் பேசவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நான் தோற்றால் எனக்கு என்ன ஆகும் என்று எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். ஊருக்கு என்ன ஆகும்? எம்.எல்.ஏ. நிதி வருடத்துக்கு மூன்று கோடி, அதை எந்த ஊருக்குக் கொடுப்பது என்பது ஜெயித்தவர் கையில். ஜெயித்தவர் யாராக இருந்தாலும், அவரை எதிர்த்து ஓட்டுக் கேட்ட ஊர் என்று எங்கள் ஊர் மேல் ஒரு குறி விழுமா? முன்னாள் சுயேச்சை அண்ணன்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் என்ன நடந்தது?

முன்னாள் சுயேச்சை:

அம்மா, இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. என் மனைவிகூட.

யாரும் எங்களை மிரட்டவில்லை. ஒன்றையும் நிறுத்தவில்லை. ரேஷன் அரிசி வந்தது, பஸ் வந்தது, எல்லாம் வந்தது. ஒரே ஒரு விஷயம். மெயின் ரோட்டில் எங்கள் ஊர் விலக்கில் ஒரு பயணியர் நிழற்குடை கட்ட வேண்டும் என்று நான் தலைவராக இருந்த காலத்தில் இருந்தே மனு இருந்தது. தேர்தலுக்கு முன் அளந்துவிட்டுப் போனார்கள். தேர்தலுக்கு அப்புறம் நிழற்குடை வந்தது, அடுத்த ஊர் விலக்கில். அங்கே ஏற்கெனவே ஒரு புளியமரம் உண்டு, நல்ல நிழல்.

என்னால்தான் அப்படி ஆனதா என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் கேட்கவில்லை. ஊரிலும் யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. மழை பெய்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே ஓடிப்போய் நின்று பஸ் ஏறுகிறார்கள்.

வாய்க்கால்தெரு:

எவ்வளவு தூரம் அண்ணே?

முன்னாள் சுயேச்சை:

முக்கால் கிலோமீட்டர்.